அட்டவணை எழுதியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சுவிட்சர்லாந்தின் ரயில், பேருந்து, கப்பல், ரோப் கார் ஊழியர்களுக்கும், அவற்றுக்கெல்லாம் கால அட்டவணை எழுதியவர்களுக்கும், அந்த அட்டவணைக்காக வாக்களித்த மக்களுக்கும்,



நான் கோயம்புத்தூர்க்காரி. சென்ற கோடையில் என் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு உங்கள் நாட்டுக்கு வந்திருந்தேன். உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. உங்கள் நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மலையைப் புகழ்வார்கள், ஏரியைப் புகழ்வார்கள், பனியைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்வார்கள். மலைக்கு யாரும் நன்றி சொல்லவேண்டியதில்லை, அது தானாக இருக்கிறது. முழங்கால் தேய்ந்த எழுபது வயது அம்மாவை அந்த மலையடி வரைக்கும், பிறகு அதன் உச்சி வரைக்கும், ஒரு இடத்திலும் பதறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது மனிதர்கள் செய்த வேலை. அந்த வேலைக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா, என் தாத்தா, போத்தனூர் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். அம்மா பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு வந்ததுமே சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: குழுவோடு போங்கள், சொகுசு பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிடுவார்கள், கூடவே சமையல்காரர் வருவார், சோறு கிடைக்கும். அம்மாதான் பிடிவாதமாக மறுத்தார். "ரயில்ல போறதுன்னா வர்றேங் கண்ணு, இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." ரயிலில்தான் போனோம்.

கையில் நாடு முழுக்கச் செல்லும் ஒரு பயணப் பாஸ். ஒரு தாளில் அச்சிட்ட சதுரக் குறியீடு, கூடவே பாஸ்போர்ட், அவ்வளவுதான். அதே தாளைக் காட்டி ரயிலில் ஏறினோம், நகரத்து டிராமில் ஏறினோம், மஞ்சள் தபால் பேருந்தில் ஏறினோம், ஏரிக் கப்பலில் ஏறினோம், ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் எதற்குள்ளும் நுழையலாம் என்றார்கள். பதினாறு வயது நிரம்பாத மகனுக்குக் குடும்ப அட்டை என்று ஒன்றை இலவசமாகவே கொடுத்தார்கள். பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவு ஒன்றுகூட இல்லை. தெருவிலிருந்து நேராகப் பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். அம்மா முதல் நாள் முழுக்க, "சீட்டை எங்க கண்ணு காட்டோணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி கிளம்பிய பிறகு உங்கள் டிக்கெட் பரிசோதகர் வருவார், வணக்கம் சொல்வார், குறியீட்டைக் கருவியில் காட்டிப் பார்ப்பார், நன்றி சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போவார். வருகிறவரை முதலில் நம்பிவிட்டுப் பிறகு சரிபார்க்கும் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாஸின் அருமை பணத்தில் இல்லை. அது மலிவான பொருளும் இல்லை. தடவைக்குத் தடவை வரிசையில் நின்று, தெரியாத பாஷையில் ஊர்ப் பெயரைச் சொல்லி, சில்லறை எண்ணி, சரியான டிக்கெட்தானா என்று சந்தேகப்பட்டு வாங்கும் வேலையை அது அடியோடு எடுத்துவிடுகிறது. அந்தச் சந்தேகம்தான் வயதானவர்களை வெளியூரில் அறைக்குள்ளேயே உட்கார வைக்கிறது. மழை வந்தால் இறங்கிக்கொள்ளலாம், பிடித்த ஊரென்றால் இன்னொரு மணி நேரம் இருக்கலாம், தவறான பக்கம் போனாலும் திரும்பி வரலாம் என்பது தெரிந்ததும் அம்மா நடையிலேயே ஒரு தெம்பு வந்தது.

பெர்ன் ஸ்டேஷனில்தான் அம்மா அதைக் கவனித்தார். காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி முழுசாவதற்குச் சில நிமிடம் முன்னால் ஒவ்வொரு பிளாட்பாரமாக வண்டிகள் வந்து நின்றன. ஜனங்கள் இறங்கி, சுரங்கப் பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து, வேறு வண்டிகளில் ஏறினார்கள். முழு மணி தாண்டிச் சில நிமிடத்தில் எல்லா வண்டிகளும் போய்விட்டன. பிளாட்பாரம் காலி. அரை மணி கழித்து மறுபடி அதேபோல். ஜங்ஷனில் வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "எல்லா வண்டியையும் ஒண்ணுக்கொண்ணு பார்த்துக்கற மாதிரி வெச்சிருக்காங்க," என்றார்.

ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து படித்தேன். அம்மா சொன்னது சரிதான் என்பதோடு, அது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1970-இல் நெதர்லாந்துக்காரர்கள் சீரான இடைவெளியில் வண்டி விடும் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். 1972-இல் உங்கள் ரயில்வேயில் சாமுவேல் ஸ்டேலி, ஹான்ஸ் மைனர், ஜான்-பியேர் பெர்த்தூசோ என்ற மூன்று இளம் பொறியாளர்கள் நாடு முழுவதற்கும் அப்படியொரு அட்டவணையை எழுதி முன்வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1982 மே மாதம், அது நடைமுறைக்கு வந்தது. மணிக்கு ஒரு வண்டி, தினமும், காலை முதல் இரவு வரை, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில். பயணி அட்டவணையைப் பார்க்கவே தேவையில்லை. தன் ஊர் வண்டியின் நிமிடத்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும்.

ஆனால் இணைப்பு வண்டி சரியாகக் கிடைக்க வேண்டுமென்றால், ஒரு பெரிய ஜங்ஷனிலிருந்து அடுத்த பெரிய ஜங்ஷனுக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகவோ அரை மணிக்குச் சற்றுக் குறைவாகவோ போய்ச் சேர வேண்டும். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்க வேண்டும். இங்கேதான் நீங்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அப்போது பிரான்சில் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. உலகத்தின் கண் அதன் மேல் இருந்தது. நீங்களும் அந்த வழியில் போயிருக்கலாம். முடிந்த மட்டும் வேகமாக வேண்டாம், தேவையான அளவுக்கு வேகம் இருந்தால் போதும் என்று தீர்மானித்தீர்கள். முதலில் அட்டவணையை எழுதினீர்கள். அந்த அட்டவணை கேட்ட இடத்தில் மட்டும் புதுத் தண்டவாளம் போட்டீர்கள். 1987 டிசம்பர் 6 அன்று அந்தத் திட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அந்த வழியில் மாட்ஸ்டெட்டனுக்கும் ரோத்ரிஸ்டுக்கும் இடையே 45 கிலோமீட்டர் புதுப் பாதை வந்தது. 2004 டிசம்பரில் சூரிச்-பெர்ன் பயணம் 56 நிமிடமாயிற்று. மிச்சமிருக்கும் நான்கு நிமிடமும், அடுத்த மணியின் முதல் சில நிமிடமும் எங்களைப் போன்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் மாறுவதற்கானவை.

வாக்களித்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இருக்கமாட்டார்கள். தங்கள் வரிப் பணத்தில் இன்னும் பதினேழு வருடம் கழித்து வரப்போகும் ஒரு வசதிக்காக அவர்கள் சம்மதம் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். அந்த வசதியில்தான் நோகும் முழங்காலோடு என் அம்மா நடந்துபோனார். அந்தச் சீட்டுகளைப் போட்ட கைகளுக்கு முதல் நன்றி.

அட்டவணை எழுதுகிறவர்கள் பயணியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டுநரைப் பார்க்கிறோம், பரிசோதகரைப் பார்க்கிறோம். ஆறு நிமிடம் போதுமா எட்டு வேண்டுமா என்று ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவரைப் பார்ப்பதே இல்லை. கைப்பிள்ளையோடு வருகிறவள், ஊன்றுகோலோடு வருகிறவர், பாஷை தெரியாமல் பலகையை இரண்டு முறை படிக்கிறவர், இவர்களெல்லாம் எத்தனை நிமிடத்தில் மூன்றாம் பிளாட்பாரத்திலிருந்து எட்டாம் பிளாட்பாரத்துக்குப் போவார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு நுணுக்கமாக யோசிப்பதைவிடப் பெரிய உபசாரம் ஒன்றை நான் அறியேன்.

ஸ்டேஷன் கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ரயில்வே பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944-இல் வடிவமைத்தது. வெள்ளை முகம், தடித்த கறுப்புக் கோடுகள், பின்னாளில் சேர்ந்த சிவப்பு வினாடி முள், அதன் நுனியில் வண்டிக்கு விடை கொடுக்கும் அலுவலரின் கைத்தட்டு வடிவம். அந்த முள் ஒரு நிமிடம் முடிவதற்குச் சற்று முன்னரே உச்சிக்கு வந்து நின்றுவிடும். நாடு முழுக்க ஒரே சமயத்தில் வரும் மின்துடிப்புக்காகக் காத்திருந்து, நிமிட முள் நகர்ந்ததும் மறுபடி ஓடும். என் மகன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரிய ஊர்களுக்கு இடையே நல்ல ரயில் விடுவது பல நாடுகளால் முடியும். கடைசிக் கிராமம்தான் சோதனை. நூறு பேர் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊராக இருந்தாலே பொதுப் போக்குவரத்து வசதிக்கு அது உரிய ஊர் என்று உங்கள் விதி சொல்கிறது. ரயில் நின்ற இடத்தின் வாசலில் மஞ்சள் பேருந்து நிற்கிறது. 1906-இல் பெர்னிலிருந்து முதல் வண்டி புறப்பட்ட காலத்தில் தபாலோடு ஆளையும் ஏற்றிய சேவை அது. மலை வளைவுகளில் ரொசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த மூன்று ஸ்வரத்தில் அதன் ஹாரன் ஒலிக்கும். ஒரு மாலை, இருட்டும் நேரம், ரயிலிலிருந்து கடைசியாக இறங்கியவர்கள் நாங்கள். அம்மா மெல்ல நடந்து வருவதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கதவை மூடவில்லை. நாங்கள் அருகில் வந்ததும் பொத்தானை அழுத்த, பேருந்தின் அந்தப் பக்கம் மெல்லக் கீழே தாழ்ந்தது. அம்மா சிரமமில்லாமல் காலெடுத்து வைத்தார். ஓட்டுநர் தலையசைத்து வணக்கம் சொன்னார், அம்மா கைகூப்பினார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த ஓட்டுநர் இதைப் படிக்க வாய்ப்பில்லை. அவரோடு வேலை செய்கிறவர் யாராவது சொல்லுங்கள்.

ம்யூரன் போன்ற மலைக் கிராமத்துக்குக் காரில் போகவே முடியாது. இன்டர்லாகனிலிருந்து லாட்டர்ப்ரூனனுக்கு ரயில், அங்கிருந்து க்ரூட்சால்புக்கு ரோப் கார், பிறகு மலை விளிம்பை ஒட்டி ஓடும் ஒரு குட்டி ரயில். மூன்றுக்கும் அதே பாஸ். ஒன்றிலிருந்து இறங்கினால் அடுத்தது நிற்கிறது.

லூட்சர்ன் ஏரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், அங்கேதான் எங்கள் ஊர்க் கதை வருகிறது. துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலில் ஏறினோம். கப்பலின் நடுவே எஞ்சினை மூடி மறைக்காமல், பயணிகள் சுற்றி நின்று பார்க்கும்படி விட்டிருக்கிறீர்கள். எண்ணெய் மினுங்கும் இரும்புக் கைகள் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டு என் மகன் விட்ஸ்னாவ் வரைக்கும் ஏரிப் பக்கமே திரும்பவில்லை. கரையில் இறங்கினால், கப்பல் துறைக்கு எதிரிலேயே ரிகி மலைக்குப் போகும் சிவப்பு ரயில். அதற்கும் பாஸ் செல்லும். தண்டவாளத்தின் நடுவே ஏணி மாதிரி ஒரு மூன்றாவது இரும்பு ஓடியது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊட்டி ரயிலாச்சே!" என்றார்.

உண்மைதான். ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் 1871-இல் அந்த விட்ஸ்னாவிலிருந்துதான் மேலேறியது. அதைக் கட்டிய நிக்லாவுஸ் ரிக்கன்பாக், நீலகிரிக்கும் மலை ரயில் போட 1880-களில் திட்டம் கொடுத்தவர். கடைசியில் நீலகிரியில் போட்டது ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. ஆப்டும் சுவிஸ்காரர்தான், ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். பல் வரிசைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வருமாறு அமைத்தார். சக்கரம் எப்போதும் ஏதாவதொரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் ஏறுகிறது. பல தலைமுறைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போன எஞ்சின்கள் உங்கள் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்தவை.

ரிகிக்கு ஏறும்போது அம்மா தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தாவுக்கு நாடு விட்டு நாடு போன அனுபவம் கிடையாது. ஆனால் வின்டர்தூர் என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருந்ததாம். எஞ்சின் தகட்டில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். அந்த ஊர் சூரிச்சிலிருந்து அரை மணி தூரத்தில்தான் இருக்கிறது என்று சொன்னதும், மறுநாளே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். பார்ப்பதற்கென்று குறிப்பாக எதுவும் தேடவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, தெருவில் சிறிது தூரம் நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். தனியாக டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் இதற்கெல்லாம் யார் போவார்கள்? பாஸ் இருந்ததால் தாத்தா படித்த பெயரின் மண்ணை மிதித்துவிட்டு வந்தார் அம்மா. பயணத் திட்டம் எதிலும் இல்லாத அந்த அரைநாளைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் முதலில் சொல்கிறார்.

இன்னொரு நன்றி, உயிரோடு இல்லாதவர்களுக்கு. கோத்தார்ட் மலைக்குள் 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கம் உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். அதில் போனால் நேரம் மிச்சம். நாங்கள் பழைய மலைப் பாதையில் போனோம். வாசென் கிராமத்துத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரிந்தது, வண்டி மலைக்குள் சுற்றி வெளியே வந்ததும் நேர் எதிரே நின்றது, இன்னொரு சுற்றுக்குப் பிறகு காலடியில் கிடந்தது. அதன் பிறகு 1882-இல் திறந்த 15 கிலோமீட்டர் பழைய சுரங்கம். பத்து வருட வேலை. ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1875-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் இறந்தார்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரும் 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். மறுவருடம் இரு பக்கத்துத் துளைகளும் சந்தித்தபோது, அந்தத் துவாரத்தின் வழியே முதலில் அனுப்பியது அவருடைய படத்தைத்தான் என்கிறார்கள். தெற்கு வாசலான ஐரோலோ ஸ்டேஷன் அருகே, இறந்த தொழிலாளியைத் தோழர்கள் தூக்கிச் செல்வதாக வின்சென்சோ வேலா வடித்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புதுச் சுரங்கத்திலும் ஒன்பது பேர் உயிர் விட்டிருக்கிறார்கள். பாஸைக் காட்டிச் சுகமாகக் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் குடும்பத்தார் யாராவது உங்களிடையே இருந்தால், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கிழவி அங்கே கும்பிட்டுவிட்டுப் போனார் என்று சொல்லுங்கள்.

இது திறந்த மடல் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. தினமும் ஊர் ஊராகச் சுற்றப்போகிறீர்கள் என்றால் இந்தப் பாஸ் உகந்தது; 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும். ஒரே ஊரில் தங்கி எப்போதாவது வெளியே போகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கான பாதிக் கட்டண அட்டையே லாபமாக இருக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். யுங்ஃபிராவ்யோக் வரை பாஸ் செல்லாது. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கனுக்கு மேலே தள்ளுபடி மட்டுமே. அகலக் கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் அதே மலையைக் கடந்து டிரானோவுக்குப் போகும் சாதாரண வண்டிக்கு அது கிடையாது. எனக்குச் சாதாரண வண்டிதான் பிடித்தது. ஊர்க்காரர்கள் ஏறி இறங்குவார்கள், ஜன்னலைத் திறக்கலாம், 2253 மீட்டர் உயரத்தின் குளிர் நேரே முகத்தில் அடிக்கும்.

ரயில்வே தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்களில் யாராவது தமிழ்நாட்டுக்கு வந்தால், காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி ரயிலில் ஏறுங்கள். டிக்கெட் கிடைப்பது அரிது, முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். கல்லாறு தாண்டியதும் எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பல்சக்கரம் ஆப்டின் பற்களைக் கவ்வும் சத்தம் கேட்கும். உங்களுக்குப் பழகிய சத்தமாகத்தான் இருக்கும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். வருவது முன்கூட்டித் தெரிந்தால் அம்மாவும் நானும் வர்க்கியும் தேநீருமாகப் பிளாட்பாரத்தில் நிற்போம்.


கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயணி